உள்ளே கிடக்கிற எண்ணெய்

மாப்ளே,

இன்றைக்கு அரியலூர் எண்ணெய்க் கடையில் மூன்று டின்களை என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, "எதுங்க வேணும்?" என்று கடைக்காரர் கேட்டார். மூன்றும் புத்தம் புதுசு. ஒன்று மெல்லிசு, ஒன்று கொஞ்சம் தடிப்பு, மூன்றாவது டீசல் வண்டிக்கென்றே வந்ததாம். உலகச் சண்டைக் காலத்தில் இதில் ஒரு டின்னை நீ பார்த்திருந்தால் அதற்கு மாலை போட்டு, பெரம்பலூர்க் கடைத்தெருவில் ஊர்வலம் விட்டிருப்பாய். இப்போது எது வேண்டும் என்று நம்மையே கேட்கிறார்கள். கேட்கப்பட வேண்டிய ஆள் நீ. போய் நின்ற ஆள் நான்.

நம் முதலாளி பருத்தி மூட்டை ஏற்றுவதற்கு டீசல் லாரி ஒன்று எடுத்திருக்கிறார். கைமாறி வந்த வண்டி. "அவன்கூடவே கெடந்தவன்டா நீ. எந்த எண்ணெய்னு நீயே பாத்து வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார். கூடவே கிடந்தது நிஜம்தான். நீ எண்ணெய் பார்ப்பாய், நான் பக்கத்தில் நின்று உன்னைக் கிண்டல் செய்வேன். அதில் எனக்கு எவ்வளவு படிப்பு ஏறியிருக்கும் என்று நினைக்கிறாய்?

கடைக்காரர் ஒரு மூடியைத் திறந்து உள்ளங்கையில் சொட்டு விட்டார். நீ செய்கிற மாதிரி கட்டைவிரலால் தேய்த்து மூக்கருகே கொண்டு போனேன். அந்த எண்ணெயில் வாசனையே இல்லை. எனக்கோ விளக்கெண்ணெய் வாசனை அடித்தது. சூடான விளக்கெண்ணெய், அடியில் கொஞ்சம் கரிப்புகை. நம் வண்டியின் வாசனை. 

"என்ன கண்டக்டரே, இன்னிக்கி நையாண்டி ஒண்ணையும் காணோம்?" என்றார் அவர்.

"எண்ணெயில வழுக்கி வுழுந்துருச்சுங்க, தேடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கட்டும். அங்கிருந்து ரயிலடி தெரியும், மாப்ளே. நீ ஏறாமல் போன ரயில் வருகிற இடம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. நீ படித்தால், "மச்சான், இத எழுதினது நீங்களா, நம்ம வூட்டுக் கோழியா?" என்று கேட்பாய். கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

நீ போன பிறகு சண்டை முடிந்தது. வெள்ளைக்காரன் போனான். கரி வண்டிகளெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன. பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ் ஓடியது என்று சொன்னால், இனி வரும் பிள்ளைகள் நான் புளுகுவதாகச் சொல்லும். அந்த அடுப்பில் கரியைக் கொட்டி, காலையில் ஊதுவிசிறியை நான் சுற்றுவேன். தோள்பட்டை கழன்றுவிடும். நீ முன்னால் எஞ்சினருகே காதை வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் சுத்துங்க மச்சான், இப்பத்தான் இருமுது" என்பாய். "இருமுறது நான்டா!" என்று நான் கத்துவேன். ஏறின ஜனம் அதற்குள் பாதித் தூக்கம் தூங்கிவிடும். மேட்டில் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு வண்டியையும் தள்ள வைத்த ஒரே கண்டக்டர் நான்தான் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

சண்டையில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும் அதற்குப் பதிலாகக் கரிப்புகை வந்துவிட்டது. எஞ்சினுக்குள் ஊற்றுகிற எண்ணெய்க்கு மாற்று வரவில்லை. கப்பலில் வந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று. எண்ணெய் இல்லாவிட்டால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசி ஒன்றை ஒன்று கடித்துக்கொள்ளும் என்று நீ சொன்னாய். கரி வண்டிக்குச் சூடு வேறு அதிகம், சாம்பல் வேறு உள்ளே போகும், ஆகவே எண்ணெயும் நல்லதாக வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். எதை ஊற்றுவது? முதலில் கடலை எண்ணெயை ஊற்றிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பேரளியில் நிறுத்தினபோது ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்ன தாத்தா, ஏறலையா?"

"வடை எங்கடா வேகுது?"

வண்டி முழுக்க வடை சட்டி வாசனை. நீ மட்டம் பார்க்கிற எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தாய். சோப்பு நுரை மாதிரி நுரைத்திருந்தது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே வண்டியை நிறுத்தி, அவ்வளவையும் சாக்கடைக்குள் இறக்கிவிட்டாய். வந்த ஜனத்தை அடுத்த ஊருக்கு நடக்க வைத்தாய். திட்டு முழுக்க எனக்கு.

அப்புறம்தான் லப்பைக்குடிக்காட்டுப் பாய் கடைக்குப் போனோம். மலாய் நாட்டிலிருந்து திரும்பி வந்து செக்கு வைத்திருந்தாரே, அவர். நாம் விளக்கெண்ணெய் கேட்டதும் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"வெளக்குக்கா, வயித்துக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குங்க பாய்."

"மாடு ரெண்டும் சொகமா?"

"மாடு இல்லீங்க. மோட்டார் வண்டி."

"யா அல்லா! மோட்டாருக்குப் பேதியா குடுக்கப் போறீங்க?" என்று பாய் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேர்ந்துகொண்டேன். நீ எங்கள் இரண்டு பேரையும் சிரித்து முடிக்க விட்டுவிட்டு, இது செக்கில் ஆட்டினதா, விதையை இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுத்ததா என்று கேட்டாய். காய்ச்சி எடுத்ததில் தண்ணீர் ஒளிந்திருக்கும், தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது. பாய் தன் செக்கு எண்ணெயை எடுத்துக் கொடுத்தார். நீ அதையும் நம்பாமல் வெளியே போய், சுட்டுக்கொண்டிருந்த புகைக் குழாயில் ஒரு சொட்டு விட்டாய். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்ப் புகைந்தது.

பாய்க்குக் கொஞ்சம் கோபம். "என் எண்ணெய் பொய் சொல்லாது தம்பி."

"எண்ணெய் சொல்லாதுங்க பாய். எங்க மச்சான் மாதிரி ஆளுங்க வாங்கிட்டு வர்ற வழியில அதுவும் பொய் பேச ஆரம்பிச்சுரும்" என்றாய். பாய் மறுபடி தாடியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த எண்ணெய்தான் ஒத்துக்கொண்டது. ஆனால் ஊற்றுவதற்கு முன்னால் நீ பண்ணின கூத்து எனக்குப் பொறுக்கவில்லை. எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றி, பழைய எண்ணெயை ஒரு பிசுக்கு விடாமல் வழித்து, ரேஷனில் கிடைத்த மண்ணெண்ணெயை விட்டுக் கழுவினாய். உன் வீட்டு விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய். என் தங்கச்சி செல்லம்மா அன்றைக்கு விளக்கில்லாமல் சோறு போட்டாள்.

"எண்ணெய் மேல எண்ணெய்தானடா ஊத்தப் போறே? இதுக்கு என்ன இம்புட்டு அலட்டல்?" என்றேன்.

"இல்லீங்க மச்சான். கப்பல் எண்ணெய் வேற சாதி. இது வெளக்கெண்ணெய், தனிக்குடித்தனம்தான் பண்ணும். மாமியா நாத்தனாகூடச் சேராது. சேத்தா பாகாத் திரண்டு வழிய அடைச்சுக்கும்."

"எந்தங்கச்சி மாதிரின்னு சொல்லு."

"அதான் கட்டின அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேனே."

சம்சாரத்தைச் சொன்னபோது சிரித்தாய். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, சிரிக்காமல் ஒன்று சொன்னாய். "உள்ள என்ன கெடக்குன்னு பாக்காம மேல ஒண்ணை ஊத்தவே கூடாதுங்க மச்சான். எவ்வளவு ஒசந்த எண்ணெயா இருந்தாலும் சரி." நான் அதையும் கிண்டல் செய்தேன். என்ன கிண்டல் என்பது மறந்துவிட்டது. நீ சொன்னது மறக்கவில்லை.

அதற்கப்புறம் நம் வண்டிக்கு ஊரில் வைத்த பெயர் உனக்குத் தெரியும். பேதி வண்டி. வாசனை வைத்தே நாம் வருவதைக் கண்டுபிடித்தார்கள். மாதத்துக்கு ஒரு தரம் விளக்கெண்ணெய் குடிக்க வைத்து உடம்பைக் கழுவுகிற தாய்மார்களிடம் வளர்ந்த பிள்ளைகள், நம் வண்டியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு வயலுக்குள் ஓடின. ஏறுகிற பொம்பளைகளிடம் நான், "பயப்படாம ஏறுங்க தாயி, குடிக்கச் சொல்ல மாட்டோம், மோந்தா மட்டும் போதும்" என்பேன். ஒரு அம்மாள், தன் மகனுக்கு மூன்று நாளாக வயிறு இறங்கவில்லை, பெரம்பலூர் போய்த் திரும்பினால் சரியாகிவிடும் என்று பையனைக் கூட்டிக்கொண்டு வந்து ஏறினாளே! நீ ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாய். வண்டி கொஞ்சம் வாய்க்கால் பக்கம் போய்விட்டு வந்தது.

இதையெல்லாம் எழுதும்போது கை நன்றாகத்தான் ஓடுகிறது. இனிமேல்தான் ஓடாது.

உனக்கு வயிற்றுவலி வந்தது ஒரு சந்தை நாளில். தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினாய். மறுநாள் வலது பக்கமாக இறங்கிவிட்டது. வண்டியை முதலாளி வீட்டுக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டில் போய்ச் சுருண்டுகொண்டாய். வயிற்றுவலி என்றால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? கேட்கவே வேண்டாம். எந்த வீட்டிலும் யாரும் செய்கிறதைத்தான் செல்லம்மாளும் செய்தாள். சுடுதண்ணீரில் விளக்கெண்ணெயை விட்டு ஆற்றிக் கொடுத்தாள். நீயும் டம்ளரை வாங்கி மூக்கருகே வைத்து, "நம்ம பாய் கடை சரக்குதான். வண்டிக்கு ஒத்துக்கிட்டது, எனக்கு ஒத்துக்காமப் போயிருமா?" என்று சொல்லிவிட்டு மடக்கென்று குடித்தாயாம். வந்து பார்த்த என்னிடம் செல்லம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். நீயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டில் மூன்று பேரும் சிரித்த கடைசிப் பொழுது அதுதான்.

எஞ்சினுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் ஒரு சொட்டு ஊற்றாத ஆள் நீ. உன் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று நீயும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்க முடியும்? மனுஷனுக்கு எண்ணெய்க் கம்பி வைத்திருக்கிறதா, உருவிப் பார்க்க?

பொழுது சாய்வதற்குள் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுநாள் விடிந்ததும் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரை முதலாளி கூட்டிவந்தார். அவர் வயிற்றை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தபோது நீ போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

"என்ன குடுத்தீங்க?"

"வெளக்கெண்ணெங்க" என்றாள் செல்லம்மா.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குடல் பக்கத்தில் குடல்வால் என்று ஒன்று சீழ் கட்டியிருக்கிறது, அந்த மாதிரி வயிற்றுக்குப் பேதி மருந்தே ஆகாது, உடைந்துவிடும், உடனே திருச்சிக்குக் கொண்டுபோய் அறுக்க வேண்டும் என்றார். அரியலூரில் காலை ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரி. அதை விட்டால் அடுத்த ரயில் சாயங்காலம். "சாயங்காலம் வரைக்கும் வெக்காதீங்க" என்று மட்டும் வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அன்றைக்கு நம் வண்டி உன் ஒருவனுக்காக ஓடியது. உனக்குப் பதிலாக ஏலாக்குறிச்சி அந்தோணி ஸ்டியரிங்கில். முதலாளி முன்னால். பின் சீட்டில் மெத்தையை விரித்து உன்னைப் படுக்க வைத்து, தலையைச் செல்லம்மா மடியில் வாங்கிக்கொண்டாள். நான் உன் காலடியில், கழுத்தில் விசிலோடு. வேறு ஜனம் இல்லை. வழியில் கை காட்டினவர்களை நான் கும்பிட்டுவிட்டேன். கண்டக்டர் கும்பிடுவதைப் பார்த்து அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

பேரளியைத் தாண்டினோம். நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். திடீரென்று மூக்கை இழுத்தாய்.

"மச்சான், நம்ம வண்டிதானா இது?"

"நம்ம வண்டிதான் மாப்ளே."

"வாசனை வல்லியே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கெண்ணெய் வாசனை பாதிக்கு மேல் போய், வேறு ஏதோ அடித்தது. முன்னால் இருந்த முதலாளி திரும்பினார். அவர் முகத்தில் அவ்வளவு பிரியம், மாப்ளே. "நாந்தான்டா அந்தோணிய ஊத்தச் சொன்னேன். கோட்டாவுல வந்த கப்பல் எண்ணெய், சீல் டின்னு ஒண்ணு வூட்டுல பூட்டி வெச்சிருந்தேன். எண்ணெய் கொறைவா இருந்துச்சு. உன்னைய ஏத்திட்டுப் போற வண்டி, இன்னிக்குன்னு பேதி எண்ணெயில ஓடணுமா? ஒசந்த எண்ணெயா மேல ஊத்தச் சொல்லிட்டேன்" என்றார்.

அவர் தன் வீட்டில் இருந்த நல்லதைக் கொண்டுவந்து ஊற்றினார். செல்லம்மாளும் தன் வீட்டில் இருந்த நல்லதைத்தான் உனக்கு ஊற்றினாள்.

நீ எழுந்திருக்கப் பார்த்தாய். முடியவில்லை. "நிறுத்தச் சொல்லுங்க மச்சான். அடியில தொறந்து எல்லாத்தையும் எறக்குங்க. சீட்டுக்கடியில நம்ம டின்னு இருக்கு, அத ஊத்துங்க. ரயிலுக்குப் போயிரலாம். இப்படியே போனா ஆத்தத் தாண்டாது, எஞ்சின் இறுகிப் புடிச்சுக்கும்."

"காய்ச்சல்ல பொலம்புறான். நீ ஓட்டுடா" என்றார் முதலாளி.

அந்தோணி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். என் கை விசிலுக்குப் போயிற்று. செல்லம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நிறுத்தாதண்ணே. நின்னா திரும்பக் கெளம்பாதுண்ணே" என்றாள். கரி வண்டி நின்றால் திரும்பக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். விசிறி சுற்றி என் தோள் வீங்கினபோது ஒத்தடம் கொடுத்தவளே அவள்தானே. புருஷனை ரயிலுக்குக் கொண்டுபோகிற வண்டியை நிறுத்தப் போகிறேன் என்று எந்தப் பொம்பளையிடம் சொல்ல முடியும்?

வண்டி போயிற்று. நீ எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாய். உன் வலியை விட அதுதான் உனக்கு வலித்தது போலிருந்தது. மருதையாறு தாண்டினோம். "தாண்டிருச்சு பாரு மாப்ளே!" என்றேன். நீ விரலைத் தூக்கிக் காட்டினாய், கேளுங்கள் என்று. அடியில் டொக், டொக் என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்டது. பிறகு வேகமாகத் தட்டியது. பிறகு ஒரு அலறல். வண்டி ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டு நின்றது.

இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி பூத்திருந்தது. அந்தோணி அடியில் போய்த் திறந்தான். எண்ணெய் வரவில்லை. பாகு மாதிரி, சளி மாதிரி ஒன்று வந்தது. நீ சொன்னபடியே திரண்டு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. முதலாளி அதைக் கையில் ஏந்திக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "நல்ல எண்ணெய்தானடா... நல்ல எண்ணெய்தானடா ஊத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அரியலூருக்குப் பருத்தி ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. உன்னைப் பார்த்ததும் வண்டிக்காரன் மூட்டைகளை ரோட்டோரத்தில் தள்ளிவிட்டு வைக்கோலை விரித்தான். உன்னைத் தூக்கி வைத்தோம். மாட்டை விரட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நீ பல்லைக் கடித்தாய். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி மூக்கை இழுத்தாய். அச்சில் போட்டிருந்த வண்டி மை சூடேறி வாசனை வந்தது. விளக்கெண்ணெயையும் வைக்கோல் கரியையும் குழைத்துப் போடுகிற மை.

"மச்சான், நம்ம எண்ணெய்" என்றாய். உன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இது நிக்காது."

நிற்கவில்லை. அது நிற்காமல்தான் போனது. ஊர் எல்லையில் இருக்கும்போது காலை ரயில் ஊதிக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. மாடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிளாட்பாரத்தில் வேப்ப மரத்தடியில் உன்னைப் படுக்க வைத்தோம். சாயங்கால ரயிலுக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டிலிருந்து விசிறி கொண்டுவந்து கொடுத்தார். வலி நின்றுவிட்டது என்றாய். செல்லம்மா சாமியைக் கும்பிட்டாள். எனக்கு அந்த டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உடைந்துவிடும் என்று சொன்னது நினைவு வந்தது. நானும் கும்பிட்டேன், வேறு என்ன செய்ய?

நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய். "அடித்தொட்டியக் கழட்டிக் கழுவச் சொல்லுங்க மச்சான். பழசக் கொஞ்சம்கூட வுடாம." சரி என்றேன். அப்புறம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "என்ன மச்சான் பேசாமயே இருக்கீங்க? ஏதாச்சும் சொல்லுங்க, சிரிக்கலாம்" என்றாய்.

மாப்ளே, தங்கச்சியை உனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து நீ கேட்காமலே உன் காதைத் தின்றவன் நான். கேட்டு நீ வாங்க நினைத்தது அந்த ஒரு தரம்தான். எனக்கு ஒன்றுமே வரவில்லை. வாயைத் திறந்தேன். வடை கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். எண்ணெய் என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்து எப்படிச் சொல்வது? நான் தேடிக்கொண்டே இருந்தேன். நீ காத்துக்கொண்டே இருந்தாய். அப்புறம் நீ காத்திருக்கவில்லை.

சாயங்கால ரயில் நேரத்துக்குச் சரியாக வந்தது. நாங்கள் ஏறவில்லை.

நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. நிறுத்தி, எண்ணெயை மாற்றி, ரயிலைப் பிடித்து, திருச்சியில் மேஜைமேல் உன்னைப் போட்டு அறுத்திருந்தால்? அல்லது நிறுத்தினபோதே ரயில் போயிருந்தால்? அல்லது காலையிலேயே உள்ளே உடைந்துபோயிருந்தால்? டாக்டரைக் கேட்டேன். "யாருக்கய்யா தெரியும்" என்றார். முதலாளி அதற்கப்புறம் உன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொள்கிறார். செல்லம்மா வீட்டில் விளக்கெண்ணெய் வாங்குவதில்லை. யாராவது வயிறு வலிக்கிறது என்று சொன்னால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுகிறாள். அவளை நான் தேற்றிவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அவளைத் தேற்றுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த டீசல் எண்ணெயைத்தான் வாங்கினேன். லாரியோடு வந்த புஸ்தகத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அதில் போட்டிருந்த நம்பரையே வாங்கினேன். கொட்டகையில் புது டிரைவர் டின்னைத் திறந்து அப்படியே கவிழ்க்கப் போனான்.

"இருடா. உள்ள என்ன கெடக்கு?"

"தெரியலீங்க. பழைய ஆளு எதையோ ஊத்தியிருப்பான். அதுவும் எண்ணெய்தானுங்களே."

அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தோளில் வைத்தேன். எல்லாவற்றையும் இறக்க வைத்தேன். அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவ வைத்தேன், பழசைக் கொஞ்சம்கூட விடாமல். முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடிகிற வரைக்கும் உள்ளே வரவில்லை. இதைச் செய்து முடித்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. சுத்தமான எஞ்சினைப் பார்த்ததும் இன்னும் மோசமாக இருந்தது.

நான் இன்னும் அதே ரூட்டில்தான் இருக்கிறேன், பெட்ரோல் வண்டியில். ஜனம் இன்னும் சிரிக்கிறது. மருதையாறு தாண்டி, நம் வண்டி நின்ற அந்தப் பருத்திக் காடு வருகிறபோது மட்டும் நான் விசில் ஊதுவதில்லை. அங்கே இறங்க வேண்டியவர்கள் சத்தம் போடுவார்கள். நேற்றுகூட ஒரு அம்மாயி கூடையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"எங்காடு வந்துருச்சுடா, நிறுத்துடா!"

"இங்க நின்னா நம்ம வண்டிக்கு வெக்கமா இருக்கு தாயி. கொஞ்சம் தள்ளி எறங்கிக்க."

"எடுபட்ட பய, என்னைய நடக்க வெக்கிறதுக்குன்னே ஏத்துறான் பாரு!"

வண்டி முழுக்கச் சிரித்தது. அம்மாயியும் சிரித்தது. அன்றைக்கு அந்த வேப்ப மரத்தடியில் இதில் பாதி வந்திருந்தால் போதும், மாப்ளே. நான் முன்பக்கமாகத் திரும்பி நின்று டிக்கெட்டைச் சரி பண்ணிக்கொண்டேன். அந்த இடம் தாண்டுகிற வரைக்கும் நான் பின் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை.